பல்லிப் பேட்டு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஏதாவது ஒரு தறிக்குப் பக்கத்தில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நெய்கிறவர் இடத்தில் அல்ல. அவருக்கு வலப்பக்கம், கோர்வை போடுகிறவர் உட்காரும் இடத்தில். முதல் ஐந்து நிமிடம், அடடா, பட்டு, ஜரிகை, என்ன பளபளப்பு என்று வாயைப் பிளப்பீர்கள். பத்தாவது நிமிடம் கொட்டாவி வரும். கால் மணி நேரத்தில் கை தானாகச் செல்போனைத் தேடும். அரை மணி நேரத்துக்குமேல் தாக்குப்பிடித்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் காலில் விழலாம், தப்பே இல்லை.

காவேரி அந்த இடத்தில் இருபத்து நான்கு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.

வேலை இதுதான். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற புடவைக்கு மூன்று நாடா வேண்டும், ஊடுநூலைக் கொண்டு ஓடுகிற படகு மாதிரிக் கட்டை. உடம்புக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஆளுக்கொன்று. நெய்கிற மனிதருக்குக் கடவுள் கொடுத்தது இரண்டு கைதானே? இடப்பக்கக் கரையையும் உடம்பையும் அவர் பார்த்துக்கொள்வார். வலப்பக்கக் கரையில் நாடாவைத் தள்ளிவிட இன்னொரு ஆள் வேண்டும். அவர் மிதியை மிதிப்பார், மேலே அட்டை ஒன்று திரும்பும், இழைகள் பிரியும், இவள் நாடாவைத் தள்ளுவாள், அவர் பலகையை இழுத்து அடிப்பார். மறுபடி மிதி, மறுபடி நாடா. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் இப்படி. கைக்கு ஒரு நொடி வேலை, பிறகு மூன்று நொடி சும்மா. அந்த மூன்று நொடியில் எழுந்து போகவும் முடியாது, வேறு வேலை பார்க்கவும் முடியாது. கத்திரிக்காய் நறுக்கலாமா என்று காவேரி ஒருநாள் முயன்றாள். பட்டில் கறை படாமல் தப்பித்தது அவள் அப்பா அம்மா செய்த புண்ணியம்.

இத்தனைக்கும் காவேரி சும்மா இருக்கப் பிறந்தவளே அல்ல. சொந்த ஊரான முசரவாக்கத்தில் அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. நாற்று நடும்போதும் பேச்சு, சாப்பிடும்போதும் பேச்சு, டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி இறங்குவதற்குள் அவளுடைய நாத்தனார் கதை வரைக்கும் கறந்துவிடுவாள். டிவி விளம்பரத்துக்கே பதில் சொல்லுகிற ரகம். இப்படிப்பட்ட பெண்ணைக் கொண்டுபோய்க் கலியாணசுந்தரத்துக்குக் கட்டி வைத்தார்கள்.

கலியாணசுந்தரம் நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பேச்சும் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் பேசியது ஒரே வார்த்தை, “சரி.” மாப்பிள்ளை எவ்வளவு அடக்கம் என்று முசரவாக்கமே மெச்சியது. அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆளே அவ்வளவுதான் என்று காவேரிக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. தறியில் இறங்கிவிட்டாலோ அந்த ஒரு வார்த்தையும் வராது. இழை அறுந்தால் சத்தம் காதில் விழவேண்டும் என்பது அவருடைய சட்டம். அதனால் ரேடியோ கூடாது, பாட்டு கூடாது, முணுமுணுப்புகூடக் கூடாது.

முதல் வருடம் காவேரி அழுதாள். இரண்டாம் வருடம் சண்டை போட்டாள். சண்டைக்கும் எதிராளி வாயைத் திறக்க வேண்டாமா? அதுவும் ஓய்ந்தது. மூன்றாம் வருடம் உட்கார்ந்தபடியே தூங்கி, நாடா நழுவிக் காலில் விழுந்து, நகம் பெயர்ந்தது. ஒருமுறை கெஞ்சிக் கூத்தாடி டிவியை இந்தப் பக்கம் திருப்பி, சத்தத்தை அடைத்து, படம் மட்டும் பார்க்க அனுமதி வாங்கினாள். சீரியலில் மருமகளை மாடியிலிருந்து தள்ளப்போகிற நேரம். காவேரி அதைப் பார்த்தாளே தவிர நாடா எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கோர்வை பிசகியது. அதை அவர் கண்டுபிடிப்பதற்குள் முப்பது வரிசை ஓடியிருந்தது. பட்டை நெய்ய ஐந்து நிமிடம் என்றால் பிரிக்க ஒரு நாள். கலியாணசுந்தரம் ஒரு வார்த்தை திட்டவில்லை. குனிந்து பிரிக்க உட்கார்ந்துவிட்டார். திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அன்றோடு டிவி ஆசை விட்டது.

ஆக, மிச்சம் இருந்தது சுவர் ஒன்றுதான். அவள் கண்ணுக்கு நேரே அந்தச் சுவர். அதில் ஒரு மீட்டர் பெட்டி, ஒரு டியூப்லைட், ஒரு தினசரி காலண்டர். காலண்டருக்குப் பின்னால் ஒரு பல்லி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அதற்கு சர்வேயர் என்று பெயர் வைத்தாள். தாலுகா ஆபீஸ் சர்வேயர் எப்படி? வருவார், நாலடி நடப்பார், நிற்பார், ஒரு பார்வை பார்ப்பார், மறுபடி நாலடி. எதற்கு வந்தார், எதை அளந்தார் என்று யாருக்கும் தெரியாது, போய்விடுவார். இதுவும் அப்படித்தான். இருபத்து நான்கு வருடமும் ஒரே பல்லி இருக்குமா என்று கேட்காதீர்கள். இப்போது இருப்பது ஐந்தாவது சர்வேயர். பதவி அப்படியே இருக்கும், ஆள்தான் மாறும், சர்க்கார் உத்தியோகம் போல.

சும்மா பார்க்க ஆரம்பித்தவள், போகப்போக உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். வேறென்ன செய்வாள்? பூச்சியைப் பிடிக்கும் முன் சர்வேயர் வாலின் நுனியை மட்டும் ஆட்டுவார் என்று கண்டுகொண்டாள். ஒரு சர்வேயருக்கு வால் அறுந்து மறுபடி முளைத்ததை நாள் தவறாமல் பார்த்தாள். பழைய வால் கூராக இருந்தது, புதிதாக வந்தது முருங்கைக்காய்த் துண்டு மாதிரி மொத்தையாக வந்தது. எல்லாவற்றையும்விட அவளைக் கட்டிப்போட்டது அதன் நடை. வலது முன்னங்கால் மேலே போகும்போது கூடவே போவது இடது பின்னங்கால். அடுத்த அடிக்கு இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும். கால் மாறும்போதெல்லாம் முதுகு ஒரு பக்கம் வளையும், வால் அதற்கு எதிர்ப்பக்கம் வளையும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று மூன்று நொடியாகச் சேர்த்துவைத்துக்கொண்ட படிப்பு.

ஒருநாள் தலைக்குமேல் திரும்புகிற அட்டையைப் பார்த்தாள். ஓட்டை போட்ட அட்டைகள், ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்தவை. ஒரு அட்டைக்கு ஒரு வரிசை. அட்டையில் எங்கே ஓட்டையோ அங்கே இழை எழும், அந்த வரிசையில் ஜரிகை தெரியும். கரையில் மயில் வருவதும் மாங்காய் வருவதும் இப்படித்தான். இந்தக் கரையில் சர்வேயர் ஏறினால் எப்படி ஏறுவார்? முதல் வரிசையில் என்ன இருக்கும்? வாலின் நுனி. ஒரே ஒரு கட்டம். நாடாவைத் தள்ளினாள். இரண்டாவது வரிசை? அதே ஒரு கட்டம், கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து. தள்ளினாள். மூன்றாவது?

அன்றிலிருந்து காவேரிக்குப் பொழுது போதவில்லை.

ஒரு நாடாவுக்கு ஒரு வரிசை. அதுதான் கணக்கு. அடுத்த நாடா தள்ளுவதற்குள் அடுத்த வரிசையை மனதில் முடித்திருக்க வேண்டும். மறந்தால் மறுபடி வாலிலிருந்து. மத்தியானம் சாப்பாட்டுக்கு எழும்போது, மகள் இளவரசி பிளஸ் டூ படித்து மிச்சம் வைத்த கிராஃப் நோட்டில் பென்சிலால் கட்டங்களை நிரப்புவாள். முதல் பல்லி கத்திரிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி வந்தது. இரண்டாவது முதலை. ஐந்தாவதோ ஆறாவதோ பார்த்து அவளே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருடம் ஆயிற்று. கடைசியில் ஒரு பல்லி வந்தது. நூற்றிருபது வரிசை, வாலில் தொடங்கி மூக்கில் முடிகிற பல்லி. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முதுகு வளைந்து, இப்போதோ இன்னும் கொஞ்ச நேரத்திலோ நோட்டை விட்டு இறங்கி ஓடிவிடும்போல.

படித்த டிசைன்காரர்கள் முதலில் படம் வரைவார்கள், பிறகு அதைக் கட்டத்தில் ஏற்றுவார்கள், அப்புறம் ஜரிகை பிடிப்பில்லாமல் நீளமாகத் தொங்குகிற இடங்களைத் தேடித் தேடித் திருத்துவார்கள். காவேரியின் பல்லியோ பிறந்ததே தறியில். நாடா நாடாவாகப் பிறந்ததில் தொங்குவதற்கு இழை ஏது? இந்த ஊரில் டிசைன் போடுகிற எவருக்கும் வாய்க்காத வித்தை அது. கொட்டாவி விட்டுக்கொண்டே ஒருத்தி அதைச் செய்து, அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருந்தாள்.

வெளியே வந்தது இளவரசியால். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு புலம்பினாள்.

“காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே ஸ்க்ரூம்மா. அதே ஸ்க்ரூ, அதே ஓட்ட. செம போர். பைத்தியமே புடிச்சிடும்போல இருக்குது.”

“அடிப்போடி. எனக்கு போர் அடிச்சு அடிச்சுத்தான் இது வந்துச்சு, பாரு,” என்று காவேரி நோட்டை எடுத்துப் போட்டாள்.

இளவரசி வெகு நேரம் பேசவில்லை. அவள் அப்பாவின் பெண்ணாகவே ஆகிவிட்டாளோ என்று காவேரி பயந்துபோனாள்.

“அம்மா, இது நீ போட்டதா?”

“இல்ல, காலண்டர்ல இருக்கிறவரு வந்து போட்டுட்டுப் போனாரு.”

“எங்க லைன்ல பல்லில்லாம் வராதும்மா. ஏசி.”

“செவுரு இருக்குதுல்ல?”

இளவரசி ஒரு போட்டோ எடுத்து, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், யார் போட்டது என்றும் எழுதாமல் சிவராஜுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டாள். சிவராஜ் நாற்பது வயதைத் தாண்டியவர். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு அட்டை அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். கலியாணசுந்தரத்துக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுத்து நெய்ய வைக்கிற முதலாளி மாணிக்கவேலுக்கு அட்டை அங்கேதான். மாணிக்கவேலும் அந்தச் சமயம் புதுக் கரைக்கு அலைந்துகொண்டிருந்தார். மயில் போதும், அன்னம் போதும், வேறு ஏதாவது காட்டுங்கள் என்று பெங்களூர்க் கடைக்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஆவணி முகூர்த்தத்துக்குள் முதல் புடவை கடைக்குப் போக வேண்டும்.

மூன்றாம் நாள் மாணிக்கவேலே வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பை விடும்போதே குரல் கொடுத்தார்.

“இன்னாப்பா சுந்தரம், இவ்ளோ வித்தைய உள்ள வெச்சிக்கினு ஊமை மாதிரி குந்திக்கினு இருந்திருக்கியே! சிவராஜ் காட்டுனான். ஒரு எடத்துலகூட இழை தொங்கலன்றான். அசந்துட்டேன்பா!”

கலியாணசுந்தரம் திரும்பிக் காவேரியைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. மாணிக்கவேல் அடுத்தவர் வார்த்தைக்குக் காத்திருக்கிற ஆசாமி அல்ல.

“ஆனா பல்லின்றதுதான் ஒதைக்குது. மொகூர்த்தப் பொடவையில பல்லிய எவ கட்டுவா?”

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த காவேரிக்குப் பொறுக்கவில்லை. கரண்டியோடு வந்து நின்றாள்.

“இன்னாண்ணா இப்படிச் சொல்லிட்டீங்க? மேல பல்லி வுழுந்துச்சுன்னா ஊரெல்லாம் பஸ் ஏறி எங்க வருது? நம்ம பெருமாள் கோயிலுக்குத்தானே? தங்கப் பல்லியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாத்தானே அவங்களுக்குத் தூக்கமே வருது? மத்த ஊருல பல்லின்னா தோஷம். காஞ்சிபுரத்துப் பல்லின்னா தோஷம் போறதுக்கு. அதச் சொல்லி வித்துப் பாருங்க.”

மாணிக்கவேல் தொடையில் ஒரு தட்டு தட்டினார். “அட, வூட்டுக்காரி வியாபாரம்கூடப் பேசுதேப்பா! சரி, போட்டுருவோம். ஓடுச்சுன்னா ‘சுந்தரம் பேட்டு’ன்னே பேரு வெச்சிடறேன்.”

கரையைத்தான் அங்கே பேட்டு என்பார்கள். ஒரு கரை நன்றாக ஓடிவிட்டால், அதைப் போட்டவர் பெயரே அதற்கு நிலைத்துவிடும். ஆள் போன பிறகும் ஐம்பது வருடம் தறிக்குத் தறி அந்தப் பெயர் இருக்கும். அந்தப் பெயரைத்தான் மாணிக்கவேல் டீயைக் குடித்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் காவேரி கேட்டாள்: “வாயத் தொறந்தா முத்து உதுந்துடுமா?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

“எப்போ? அறுபதாம் கல்யாணத்துலயா?”

“அவரு கெளம்பிட்டாரு.”

அவருக்குத் திருட்டுப் புத்தி கிடையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பேச்சு வராத மனுஷன், அவ்வளவுதான். ஆனாலும் மனசு ஆறவில்லை. இத்தனை வருடத்தில் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பல்லி. அதுவும் அவர் பேரில் பட்டா ஆகப்போகிறது. ஒரு போன் போட்டு, அண்ணா, அது நான் போட்டது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? இளவரசிகூட, “நான் சொல்லட்டுமாம்மா?” என்று கேட்டாள். கூடாது என்றுவிட்டாள் காவேரி. வந்தால் அவர் வாயால் வரவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். முசரவாக்கத்துப் பிடிவாதம், என்ன செய்வது?

பத்து நாளில் அட்டைக் கட்டு வந்தது. முதல் அட்டையில் கறுப்பு மையால் ‘சுந்தரம்’ என்று எழுதியிருந்தது. காவேரி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கலியாணசுந்தரமும் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது புதிதா என்ன?

அரக்கு உடம்பு, பச்சைக் கரை, ஜரிகைப் பல்லி. கோபம் இருந்தாலும் காவேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முதல் நாடாவைத் தள்ளினாள். வால் நுனி வந்தது. பத்தாவது வரிசையில் வால் தடித்தது. அவள் மனப்பாடமாக அறிந்த வரிசைகள். இருபத்தாறில் வலது பின்னங்கால் விரல் தெரிய வேண்டும். தெரிந்தது. ஆனால் கூடவே இடது பின்னங்கால் விரலும் தெரிந்தது.

அது முப்பத்து நான்கில் அல்லவா வர வேண்டும்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கை தன் பாட்டில் தள்ளியது. முதுகு வளையவில்லை, குச்சி மாதிரி நேராகப் போயிற்று. ஒருவேளை மேலே போகப்போகச் சரியாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். எண்பத்தைந்தாவது வரிசையில் முன்னங்கால்கள் வந்தன. இரண்டும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில், இரண்டு பக்கமும் விரிந்து. கதவிடுக்கில் நசுங்கின பல்லியைப் பார்த்திருக்கிறீர்களா? அச்சு அசல் அதுதான்.

கலியாணசுந்தரம் மிதித்தார். உடம்பு நாடா ஓடியது. வலப்பக்கம் நாடா வரவில்லை. காவேரி அதை மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

கோர்வைத் தறியில் ஒரு ஆள் கையை எடுத்துவிட்டால் இன்னொரு ஆள் என்ன ஆட்டம் ஆடினாலும் ஒரு இழை ஏறாது. இருபத்து நான்கு வருடத்தில் அவள் அதை ஒருநாளும் பயன்படுத்திக்கொண்டதில்லை.

“தார்ல நூலு தீந்துடுச்சா?” என்றார்.

“இல்ல.”

“கை வலிக்குதா?”

“இல்ல.”

“பின்ன இன்னா?”

தறியில் உட்கார்ந்து அவர் ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்டது அதுவே முதல் தடவை.

“இது செத்துப்போச்சு. செத்த பல்லிக்கு நான் நாடா தள்ள மாட்டேன்,” என்றாள் காவேரி.

போன் பறந்தது. ஒரு மணி நேரத்தில் மாணிக்கவேலும் சிவராஜும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு இளவரசிக்கு வார விடுமுறை, அவளும் கதவோரம் நின்றாள். சிவராஜ் குனிந்து கரையைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

“கரெக்டாத்தானே இருக்குது? எப்பவும் பாதிதான்கா வரைவோம். மீதிப் பாதியத் திருப்பிப் போட்டுடுவோம். மாங்கா, யாளி, ஜோடி மயிலு எல்லாமே அப்படித்தான். உங்க நோட்டுல ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல, கை தவறிடுச்சுன்னு நெனச்சு நான்தான் சரி பண்ணேன். ஒரே ஒரு பட்டன் வேல.”

“கை தவறலபா. காலு தவறிடுச்சு. நீ போட்ட காலு,” என்றாள் காவேரி. எழுந்து போய்க் காலண்டரை இரண்டு விரலால் தட்டினாள்.

சர்வேயர் வெளியே வந்தார். நாலடி நடந்தார். நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். மறுபடி நாலடி. இளவரசி சட்டென்று செல்போனில் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு சிவராஜ் கையில் கொடுத்தாள். வலது முன்னங்கால், இடது பின்னங்கால். இடது முன்னங்கால், வலது பின்னங்கால். முதுகு இப்படி, வால் அப்படி. சிவராஜ் பையிலிருந்து கிராஃப் தாளின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

மாணிக்கவேலுக்குப் பொறுமை போய்விட்டது. “பல்லி எப்படி நடந்தா இன்னாம்மா? பொடவ கட்றவ கால எண்ணிக்கினா இருக்கப் போறா? ஆவணி பொறக்கப் போவுது!”

“எண்ண மாட்டாண்ணா. ஆனா உசுரோட இருக்குதா, செத்துப்போச்சான்னு பாத்த ஒடனே தெரியும். செத்த பல்லிய இடுப்புல சுத்திக்கினு மணவறையில ஒக்கார எவளுக்கு மனசு வரும்?”

 மாணிக்கவேல் தறிப் பக்கம் திரும்பினார்.

“இந்தாப்பா சுந்தரம். வரைஞ்சவன் நீ. நீயே சொல்லு. எது சரி?”

 காவேரி கணவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  இப்போதும் அந்த மனுஷன் வாயைத் திறக்காவிட்டால் இனி என்றைக்குமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கலியாணசுந்தரம் மிதியிலிருந்து காலை எடுத்துத் தறிக்குழியை விட்டு மேலே ஏறினார். பாதி வரிசையில் அவர் தறியை விட்டு எழுந்து யாரும் பார்த்ததில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

“நான் வரையல மொதலாளி.”

“இன்னாது?”

“அவ போட்டது. கட்டம் கட்டமா அவ போட்டது. அன்னிக்கே சொல்லியிருக்கணும், வாய் வரல. தப்பு என்னுது.” கொஞ்சம் நிறுத்தினார். அவருக்கே மூச்சு வாங்கியது. “அந்தச் செவுத்த நானும்தான் இருபத்தி நாலு வருசமா பாத்துக்கினு இருக்கறேன். அங்க ஒரு பல்லி இருக்குதுன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

 காவேரி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். இளவரசி மட்டும், “அப்பா!” என்றாள், அவர் ஏதோ மரத்தில் ஏறிவிட்ட மாதிரி.

“இன்னாம்மா நீ?” என்று மாணிக்கவேல் காவேரியிடம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. “அன்னிக்குக் கரண்டியோட வந்து அவ்ளோ பேசுனியே, இத ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“என் வாய்க்கு வேற வேல இருந்துச்சுண்ணா. இது அவரு வாய்க்கு வெச்ச வேல.”

எண்பத்தைந்து வரிசையையும் கலியாணசுந்தரமே பிரித்தார். இரண்டு நாள் ஆயிற்று. பிரிக்கும்போது இழை அறுகிற சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை அல்லவா? காவேரி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாளும் பேசினாள். இருபத்து நான்கு வருடத்துப் பாக்கி. ஐந்து சர்வேயர்களின் கதையையும் வால் முளைத்த கதையையும் சொன்னாள், கத்திரிக்காய்ப் பல்லியைச் சொல்லிச் சிரித்தாள். அவர் “உம்” கொட்டிக்கொண்டே பிரித்தார். இடையில் ஒரு தடவை தலையை நிமிர்த்திக் காலண்டரைப் பார்த்துக்கொண்டார்.

புது அட்டைக் கட்டை சிவராஜே எடுத்து வந்தார். “ஒரு கட்டம்கூடத் தொடலக்கா. நீங்க போட்டது போட்டபடி,” என்றார். அன்றைக்கு அவர் டீகூடக் குடிக்காமல் நின்று, தறியில் ஏற்றிக் கட்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

முதல் புடவை ஆவணிக்கு நாலு நாள் முன்னதாகவே பெங்களூர் போனது. இன்றைக்கு அந்தத் தெருவிலேயே நான்கு தறிகளில் அந்தக் கரை ஓடுகிறது. அரக்கில், மாம்பழ மஞ்சளில், கத்திரிப்பூ நிறத்தில். நெய்கிறவர்கள் அதற்குச் சொல்லுகிற பெயர் ‘காவேரி பேட்டு’. கடைக்கு வருகிற பெண்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். கேட்கிற முகம் தெரியாத பெண்ணுக்குக் காவேரி என்பது ஆறா, ஆளா என்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன? பெயர் நின்றுவிட்டது. பேட்டுக்குத் தன் பெயர் வாங்கிய கோர்வைக்காரி பிள்ளையார்பாளையத்தில் இவளுக்கு முன்னால் ஒருத்தி இல்லை.

ஆனால் அவளைக் கேட்டால், பெங்களூரைப் பற்றியோ நான்கு தறியைப் பற்றியோ சொல்ல மாட்டாள். புது அட்டை ஏறிய அந்த முதல் நாள் காலையைத்தான் சொல்வாள்.

வால் வந்தது. இருபத்தாறில் வலது கால், முப்பத்து நான்கில் இடது கால். முதுகு வளைந்தது. எண்பத்தைந்தில் ஒரு முன்னங்கால் மேலே நீண்டது. நூற்றிருபதாவது நாடாவைத் தள்ளினாள், மூக்கு முடிந்தது. ஒரு முழுப் பல்லி பச்சைக் கரையில் ஏறி நின்றது, உயிரோடு.

அட்டைச் சங்கிலி ஒரு சுற்று சுற்றி முடித்து, முதல் அட்டை மறுபடி மேலே ஏறி வந்தது. கலியாணசுந்தரத்தின் கால் மிதியிலேயே நின்றது. தறியில் பேசாத மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

“காவேரி, உம் பேரு வருது பாரு.”

கறுப்பு மையில் எழுதிய மூன்று எழுத்து அவள் தலைக்குமேல் மெல்லத் திரும்பியது. இனி நூற்றிருபது நாடாவுக்கு ஒருதரம் அது வரும்.

“பாத்துட்டேன், பாத்துட்டேன்,” என்று காவேரி நாடாவைத் தள்ளினாள். “நீங்க பலகைய இழுங்க.”